வீட்டில் ரெசின் கட்டை வார்க்கப் போய் நான் தொலைத்த எட்டு மாதங்கள்

என் பட்டறை மூலையில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் 23 ரெசின் கட்டைகள், அதாவது இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றி இறுகவைத்த பிளாஸ்டிக் மாதிரியான கட்டைகள். ஒன்றுகூட உருப்படி கிடையாது. சில இன்னமும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும். சில கடற்பஞ்சு மாதிரி உப்பிப்போய் ஓட்டை ஓட்டையாக இருக்கும். இரண்டு நடுவில் விரிசல் விட்டவை. ஒன்று, லேத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதே தெறித்துப் போனதில் மிஞ்சிய பாதி. எட்டு மாதத்தில் நான் வார்த்தது மொத்தம் 31. அதில் தேறியது எட்டு. வீணாய்ப்போன ரெசின் மட்டும் ஆறு கிலோவுக்குக் குறையாது. கருவிகளையும் சேர்த்துப் பார்த்தால் என் இரண்டு மாதச் சம்பளம் போயிருக்கிறது. பணத்தைவிட அதிகமாக வலித்தது வேறு. ஒவ்வொரு தடவையும் என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல், ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பாழான கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றேனே, அதுதான். பக்கத்தில் இருந்து சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் இது எதற்கான கட்டை என்று சொல்லிவிடுகிறேன். வாத்தின் குரலை எழுப்பும் ஊதல்களை நான் கடைசல் வேலையாகச் செய்கிறேன். ஊதலில் இரண்டு பாகம். வாயில் வைத்து ஊதும் குழல் ஒன்று, அதற்குள் இறுக்கமாகச் செருகும் அடிப்பகுதி இன்னொன்று. செருகும் பாகத்தில் வளைவாக இழைத்த ஒரு பலகை, அதன்மேல் மைலார் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வெட்டிய நாக்கு, அதை அழுத்திப் பிடிக்க ஒரு கார்க் ஆப்பு. நாதஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ, இதற்கு அந்த நாக்கு. நான் போடும் நாக்கின் கனம் கால் மில்லிமீட்டர். இரண்டு வருடம் மரத்தில்தான் செய்துகொண்டிருந்தேன். மரத்தில் ஒரு தொல்லை உண்டு. ஊதும் மூச்சின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். காலையில் சரியாகப் பொருந்திய பாகம் சாயங்காலம் கழற்ற வராது. ரெசின் ஈரத்தைக் குடிக்காது. குழலின் உட்சுவர் கண்ணாடி போல வழவழப்பாக இருப்பதால் ஒலியும் கூர்மையாக, எட்டிப் பாயும்படி வரும். கடையில் வார்த்த கட்டைகளை வாங்கிச் செய்து பார்த்தேன், பிடித்துவிட்டது. ஆனால் நான் நினைத்த நிறத்தில், நடுவில் மரமும் சுற்றிலும் ரெசினுமாகக் கட்டை வேண்டுமென்றால் நாமே வார்க்க வேண்டும். ஒரு கட்டை ஒன்றரை அங்குலச் சதுரம், ஆறு அங்குல நீளம். கணக்குப் போட்டால் 220 மில்லி சொச்சம் ரெசின். இவ்வளவுதானே, இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

எபாக்சி என்கிற ரெசின் வகையில் ஆரம்பித்தேன். எளிதாகக் கிடைக்கும், வாசம் குறைவு, அவசரமில்லாமல் கலக்கலாம். பாட்டிலில் ரெசின் இரண்டு பங்கு, ஹார்ட்னர் (அதை இறுக்கும் திரவம்) ஒரு பங்கு என்று அச்சிட்டிருந்தார்கள். நான் சுத்தமாக வேலை செய்கிற ஆள் என்ற பெருமையில், கிராம் தராசை வைத்து 200 கிராமுக்கு 100 கிராம் என்று பார்த்துப் பார்த்து ஊற்றினேன். நான்கு கட்டைகள். மறுநாள் தொட்டால் ரப்பர். மூன்றாம் நாளும் ரப்பர். சரி, குளிர் அதிகமோ என்று வெயிலில் வைத்தேன். பதினைந்து நாள் கழித்தும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அப்புறம்தான் தயாரிப்பாளரின் விவரத்தாளை முழுதாகப் படித்தேன். இரண்டுக்கு ஒன்று என்பது கன அளவு. எடையில் அந்த வகைக்கு 100 கிராமுக்கு 44 கிராம்தான் ஹார்ட்னர். ரெசின் அடர்த்தி கூடியது, ஹார்ட்னர் லேசானது, அதனால் இரண்டு கணக்கும் வேறு வேறு. நான் தராசு வைத்துத் துல்லியமாகத் தப்பு செய்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலியெஸ்டர் ரெசினில் வேலை செய்து பழகியவர்கள், ஹார்ட்னரை இரண்டு சொட்டு கூடுதலாக விட்டால் சீக்கிரம் இறுகும் என்பார்கள். பாலியெஸ்டருக்கு அது ஓரளவு சரி, ஏனென்றால் அங்கே விடுவது வேலையைத் தூண்டிவிடும் கிரியாஊக்கி. எபாக்சியில் ஹார்ட்னர் என்பது பாதிப் பொருள். ரெசினும் அதுவும் ஜோடி ஜோடியாகக் கைகோத்துத்தான் இறுகுகின்றன. ஜோடி கிடைக்காமல் மிஞ்சியது கடைசிவரை மிச்சமாகவே உள்ளே கிடக்கும். அதனால் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எடையா கன அளவா என்று பார்த்து, ஒரு சின்ன அட்டையில் எழுதித் தராசுப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கலக்கும்போது கோப்பையின் சுவரையும் அடியையும் வழித்து வழித்து மூன்று நான்கு நிமிடம் கலக்கி, அதை வேறொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி மறுபடியும் கலக்குங்கள். முதல் கோப்பையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின்தான், கட்டையில் அங்கங்கே பிசுபிசுப்பாகத் தலைகாட்டும்.

அளவைச் சரிசெய்துகொண்டு இரண்டாவது சுற்றுக்கு வந்தேன். இப்போது சூட்டில் மாட்டினேன். நான் வாங்கியிருந்தது மேஜைப் பரப்பில் பூசுகிற எபாக்சி. அதை ஒரு தடவைக்கு சில மில்லிமீட்டர் கனத்துக்குமேல் ஊற்றக்கூடாது. நான் ஊற்றியதோ 38 மில்லிமீட்டர். இறுகும்போது எபாக்சி சூட்டை வெளிவிடும். மெல்லிய பூச்சில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும், மொத்தையாக இருந்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறும், ஏறிய சூடு இறுகலை வேகப்படுத்தும், அது மறுபடி சூட்டைக் கூட்டும். மூன்று அச்சுகளை நிரப்பிவிட்டு, மிச்சம் 400 கிராமைக் கோப்பையோடு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பை ஒரு பக்கமாகக் குழைந்து சாய்ந்திருந்தது. மேலே வெள்ளைப் புகை. மூச்சுக்குள் போனதும் தொண்டை எரிந்தது. இடுக்கியால் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்தேன். கை நடுங்கியது. மேஜையில் பக்கத்திலேயே மரத்தூள் குவியல் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அச்சில் இருந்த மூன்றில் இரண்டு குறுக்கே விரிசல் விட்டிருந்தன, மூன்றாவது பழுப்பேறிப் போயிருந்தது. ஆழமாக ஊற்றுவதற்கென்றே மெதுவாக இறுகும் எபாக்சி தனியாக இருக்கிறது. இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும், காத்திருக்கத்தான் வேண்டும். எந்த வகையானாலும் மிஞ்சிய ரெசினைக் கோப்பையில் விடாதீர்கள். அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள், முழுதாக இறுகி ஆறும்வரை குப்பைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்துச் சொல்லப் போவதுதான் எனக்கு உண்மையிலேயே பெரிய நஷ்டம். மூன்றாவது மாதம் மணிக்கட்டில் அரிப்பு வந்தது. வியர்க்குருவோ என்று விட்டுவிட்டேன். ஒரு வாரத்தில் விரலிடுக்குகளில் சின்னச் சின்னக் கொப்புளம். ஒருநாள் காலையில் எழுந்தால் இடது கண் இமை வீங்கி, கண் பாதிதான் திறந்தது. தோல் மருத்துவர் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "லேத்தில் ரெசின் கடைகிறேன் டாக்டர்," என்றேன். "எபாக்சியா?" என்றார் உடனே. முதுகில் பட்டைகள் ஒட்டிச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனையில் அது உறுதியானது. "இது போகிற நோய் இல்லை. உடம்பு ஒரு தடவை அடையாளம் கண்டுகொண்டால் அவ்வளவுதான். இனிமேல் துளி பட்டாலும் வரும்," என்றார். வெளியே வந்து வண்டியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும்போல இருந்தது.

எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தால் எல்லாமே என் கண்முன் நடந்தவைதான். லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தேன். ரெசினுக்கு நைட்ரைல் கையுறைதான் போட வேண்டும், அதையும் ரெசின் பட்டதும் மாற்ற வேண்டும். கையில் பட்டதை அசிட்டோன் போட்டுத் துடைத்தேன். அது தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு ரெசினைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே கொண்டுபோகும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுவதுதான் சரி. எல்லாவற்றையும்விட மோசமாக நான் செய்தது, முழுதாக இறுகாத கட்டைகளை "கடைந்துதான் பார்ப்போமே" என்று லேத்தில் மாட்டி உப்புத்தாள் போட்டது. அந்தத் தூளில் இறுகாத ரெசினும் ஹார்ட்னரும் அப்படியே இருக்கும். அது சட்டைக் கையின் ஓரத்திலும், கழுத்திலும், இமையிலும் படிந்திருக்கிறது. ஆகவே பிசுபிசுப்பான கட்டையைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தூக்கிப் போட்டுவிடுங்கள். தோலுக்கு முன்னால் ஒரு கட்டை பெரிதில்லை.

எபாக்சியை அன்றோடு விட்டேன். இரண்டு மாதம் பட்டறைப் பக்கமே போகவில்லை. தோல் ஆறியபிறகு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பாலியூரித்தேன் ரெசினுக்கு மாறினேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார், அதை உங்களுக்கும் சொல்கிறேன். பாலியூரித்தேனின் ஒரு பாகத்தில் ஐசோசயனேட் இருக்கிறது. அது மூச்சுக்குழாயைத் தாக்கி ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. அதற்கும் உடம்பு ஒரு தடவை ஒவ்வாமை கொண்டுவிட்டால் திரும்ப வழியில்லை. தூசிக்குப் போடும் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. ரசாயன ஆவிக்கான வடிகட்டிக் குடுவை பொருத்திய அரைமுக சுவாசக் கவசம் வேண்டும், கதவும் ஜன்னலும் திறந்து, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓட வேண்டும். வாசம் வரவில்லையே என்று கழற்றக்கூடாது. இந்தப் பொருள் மூக்குக்குத் தெரிகிற அளவு வரும் முன்பே கெடுதல் செய்துவிடும். தாடி வைத்திருந்தால் கவசம் முகத்தில் படியாது. நான் தாடியை எடுத்துவிட்டேன்.

பாலியூரித்தேன் வேகமானது. நான் வாங்கிய வகையில் கலக்கத் தொடங்கியதிலிருந்து 12 நிமிடம்தான் கையில். அதற்குள் கலக்கி, நிறம் சேர்த்து, ஊற்றி, பிரஷர் பாட் என்கிற, காற்றை அழுத்தி அடைக்கும் பாத்திரத்துக்குள் வைத்து மூடி, அழுத்தம் ஏற்றிவிட வேண்டும். முதல் தடவை ஊற்றுவதற்குமுன் தண்ணீரை வைத்துக் கடிகாரம் பார்த்து ஒத்திகை செய்யுங்கள் (பயிற்சி முடிந்ததும் அந்தக் கோப்பைகளைத் தூரப் போடுங்கள், ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்). பாட்டின் மூடியில் நான்கு திருகுகள். அவற்றைப் போடவே எனக்கு முதலில் மூன்று நிமிடம் ஆனது.

இப்போது ஈரத்தின் கதை. பாழான 23 கட்டைகளில் ஒன்பது ஈரத்தால் போனவை. எனக்கு மிகவும் பிடித்த ஒரு முண்டு மரம் இருந்தது. வேர்க்கணுப் பகுதி, கண் கண்ணாகச் சுழி விழுந்தது. ஒன்றரை வருடமாக அலமாரியில் கிடந்தது. நன்றாகக் காய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன், தட்டினால் டக்டக்கென்று சத்தம் வந்தது. அச்சில் நிறுத்தி, நீலமும் வெள்ளியும் கலந்த ரெசினை ஊற்றி, அழுத்தம் ஏற்றினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது மேற்பரப்பு பளபளவென்று இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். லேத்தில் மாட்டி இரண்டு மில்லிமீட்டர் கடைந்ததும் மரத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது. இன்னும் கடைந்தேன். வளையம் நுரையாக மாறியது. ஊசிமுனை அளவில் ஆயிரக்கணக்கான ஓட்டைகள், மரத்தை ஒட்டியபடி சுற்றிலும். விரலை வைத்து அழுத்தினால் மரம் ரெசினை விட்டுக் கழன்றது.

ஐசோசயனேட்டுக்குத் தண்ணீர் கிடைத்தால் அதோடு சேர்ந்து கரியமில வாயுவை வெளிவிடும். மெத்தைப் பஞ்சு செய்வதே இந்த வேதிவினையைப் பயன்படுத்தித்தான். ஒரு கிராம் தண்ணீருக்கு அதிகபட்சம் 1.3 லிட்டர் வாயு வரலாம். நிழலில் வருடக்கணக்காகக் காய்ந்த மரம்கூடக் காற்றின் ஈரத்தோடு சமநிலையில்தான் நிற்கும், முழுக்கக் காயாது. பத்து சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொண்டால் 120 கிராம் மரத்துண்டில் சுமார் 11 கிராம் தண்ணீர். அதில் ஒரு சிறு பங்கு ரெசினைத் தொட்டாலே கட்டை போச்சு. எனக்கு இது தெரியாமல், நுரை வந்தபோதெல்லாம் அழுத்தம் போதவில்லை என்றும், கலக்கும்போது காற்று புகுந்துவிட்டது என்றும், ரெசின் பழசு என்றும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருந்தேன். அந்த வேர்க்கணு மரம் முழுவதையும் இப்படியே தீர்த்துவிட்டேன். இனி அந்த மாதிரி மரம் கிடைக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இப்போது நான் செய்வது இது. மரத்துண்டை எடை போட்டு, அதன் மேலேயே பென்சிலால் எழுதுவேன். 105 டிகிரி செல்சியஸில் சின்ன மின் அடுப்பில் வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வேன். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எடை போடுவேன். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று பொருள். ஒரு நாளாகலாம், கனமான துண்டுக்கு இரண்டு நாளும் ஆகலாம். வெளியே எடுத்ததும் சூட்டோடு காற்றுப் புகாத பையில் போட்டு மூடி, பைக்குள்ளேயே ஆறவிட வேண்டும். திறந்து வைத்து ஆறவிட்டால் ஆறுகிற நேரத்திலேயே மறுபடி ஈரத்தைக் குடிக்க ஆரம்பித்துவிடும். நொறுங்குகிற, உளுத்த மரமாக இருந்தால் காய்ந்தபின் வெற்றிட முறையில் வேறொரு ரெசினை உள்ளே இறக்கிச் சூட்டில் இறுக்கிக்கொள்ள வேண்டும். அதற்குச் சமையல் அடுப்பைப் பயன்படுத்தவே கூடாது.

மரம் மட்டும் இல்லை, ஈரம் வேறு பல வழிகளிலும் வரும். கலக்கும் மரக்குச்சி ஈரம், காகிதக் கோப்பை ஈரம், தண்ணீரில் கரைத்த சாயம் ஈரம். கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் தண்ணீர் தேங்கும், அதை வடிக்காவிட்டால் அழுத்தக் காற்றோடு ஈரமும் பாட்டுக்குள் போகும். திறந்த ரெசின் டப்பாவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ஊற்றி முடித்த கையோடு இறுக மூடிவிடுங்கள். குச்சியும் கோப்பையும் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

பிரஷர் பாட்டைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாற்பது பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு நாற்பது பவுண்டு) அழுத்தத்தில் குமிழியின் கன அளவு கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகச் சுருங்கும், அந்த நிலையிலேயே ரெசின் இறுகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் இந்தப் பாத்திரம். ஆனால் நாற்பது என்பது சின்ன எண் போலத் தோன்றுகிறதே என்று ஏமாறாதீர்கள். என் பாட்டின் மூடி 25 சென்டிமீட்டர் விட்டம். சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ வீதம் கணக்கிட்டால் மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 1,300 கிலோவுக்கு மேல். ஒரு கார் எடை. ஒருநாள் கேஜில், அதாவது அழுத்தம் காட்டும் மானியில், முள் பூஜ்ஜியத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டு முதல் திருகைத் தளர்த்தினேன். மூடியின் அந்த ஓரம் "புஸ்" என்று சீறியது, கையில் காற்று அறைந்தது. கேஜ் பழுதாகி முள் பூஜ்ஜியத்தில் சிக்கியிருக்கிறது, உள்ளே அழுத்தம் அப்படியே இருந்திருக்கிறது. மற்ற மூன்று திருகுகளும் இறுக்கமாக இருந்ததால் தப்பித்தேன். அன்று முதல் கேஜை நம்பித் திருகைத் தொடுவதில்லை. வால்வை முழுக்கத் திறந்து, சீறல் நின்று, அதற்கப்புறமும் வால்வைத் திறந்தே வைத்துக்கொண்டுதான் திருகில் கை வைப்பேன். தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்குமேல் ஒரு புள்ளிகூட ஏற்றக்கூடாது, அதற்குள் தானாகத் திறக்கும் பாதுகாப்பு வால்வு கட்டாயம் இருக்க வேண்டும், திருகுகளைக் கார் சக்கரத்துக்குப் போடுவதுபோல எதிரெதிராக இறுக்க வேண்டும். முதல் வார்ப்புக்கு முன்னால் வெறும் பாட்டை ஒரு ராத்திரி அழுத்தத்தில் வைத்து ஒழுகுகிறதா என்று பாருங்கள். நான் அதைச் செய்யாமல் இரண்டு கட்டைகளை இழந்தேன். ரெசின் இறுகும் முன்னால் அழுத்தம் கசிந்து, சுருங்கியிருந்த குமிழிகள் எல்லாம் மறுபடி உப்பிவிட்டன.

நிறம் சேர்ப்பதில் சொல்ல அதிகம் இல்லை. மைக்கா தூளை இரண்டு மூன்று கோப்பைகளில் தனித்தனியாகக் கலந்து, ரெசின் தண்ணீராக இருக்கும்போதே ஊற்றினால் எல்லாம் ஒன்றாகிச் சேறாகிவிடும். கலவை தானே சூடாகி 45 டிகிரி வாக்கில் லேசாகக் கெட்டிப்படும் நேரத்தில் ஊற்றினால்தான் சுழிகள் சுழிகளாகவே நிற்கும். சூட்டைத் தொடாமல் அளக்கும் வெப்பமானி ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்த நேரத்துக்கும் முழுதாக இறுகும் நேரத்துக்கும் நடுவே ஒன்றிரண்டு நிமிடம்தான் இடைவெளி, பாட்டின் மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கடைசியில் குமிழி இல்லாத, நுரை இல்லாத ஒரு கட்டை வந்தது. பச்சையும் பொன்னிறமும். அதைத் துளை போடும்போது உடைத்தேன். குழலுக்கு 16 மில்லிமீட்டர் துளை. அவசரத்தில் துளையிடும் பிட்டை ஒரே மூச்சாக உள்ளே தள்ளினேன். ரெசின் சூட்டை வெளியே கடத்தாது, சுருள் வெளியேறாமல் பிட்டைச் சுற்றி உருகி ஒட்டியது, மறுமுனையைத் தொடும்போது "டப்" என்று ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. இப்போது ஒரு சென்டிமீட்டர் உள்ளே போவேன், முழுக்க வெளியே இழுத்துச் சுருளைத் தட்டிவிடுவேன், பிட்டைத் தொட்டுப் பார்ப்பேன், சூடாக இருந்தால் ஆறும்வரை நிற்பேன். கட்டையைத் தேவைக்கு மேல் ஒரு அங்குலம் நீளமாக வார்த்து, துளையை மறுமுனைவரை கொண்டுபோகாமல் நிறுத்திவிட்டு, அந்த அடைபட்ட முனையை ரம்பத்தால் அறுத்துவிடுவேன். பெயர வேண்டிய இடமே அப்போது இருக்காது. கடையும்போதும் இதே பொறுமைதான் வேண்டும். சதுரக் கட்டையின் நான்கு மூலைகளையும் முதலில் ரம்பத்திலேயே அறுத்து எண்கோணமாக்கிவிட்டு லேத்தில் மாட்டினால் உளி மாட்டித் தெறிப்பது பெரிதும் குறையும். உளி கூராக இருந்தால் ரெசின் நீண்ட நாடாவாக உரிந்து வரும். வெள்ளைத் தூளாகக் கொட்டினால் தீட்டும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மெருகுக்குத் தண்ணீர் தொட்டு 400 எண் உப்புத்தாளில் தொடங்கி நுண்ணிய தாள்கள்வரை போக வேண்டும், எந்த எண்ணையும் தாண்டிக் குதிக்கக்கூடாது. வாயில் வைக்கிற பொருள் என்பதால் நான் வார்த்த கட்டையை ஒரு வாரம் அப்படியே விட்டு, முழுதாக இறுகியபிறகுதான் கடைகிறேன்.

முதல் நல்ல ஊதல் முடிந்த அன்று வீட்டில் யாரும் இல்லை. மொட்டைமாடிக்குப் போய் ஊதினேன். முதல் ஊதலில் நாக்கு ஒட்டிக்கொண்டு வெறும் காற்றுதான் வந்தது. கார்க்கைக் கொஞ்சம் சீவி மறுபடி செருகினேன். அப்புறம் வந்தது, அடித்தொண்டையிலிருந்து வருகிற அந்தக் கரகரத்த குரல், மரத்தில் எனக்கு ஒருநாளும் வராத கூர்மையோடு. நான்கைந்து தடவை ஊதிவிட்டு, கழற்றி, துடைத்து, திரும்பச் செருகிப் பார்த்தேன். சாயங்காலமும் அதே இறுக்கம், மறுநாள் காலையும் அதே இறுக்கம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருக்கிறது. நேற்று உள்ளே வைக்கும்போது 131 கிராம். இன்று காலை 119.6. மத்தியானம் 118.9. இப்போது எடுத்து நிறுத்தேன், 118.7. இன்னும் நிற்கவில்லை. திரும்ப உள்ளே வைத்துவிட்டேன், ரெசினை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.